மூத்தவன் பிரிச்ச படை

ஹலோ... ஹலோ சேரா, கேக்குதா?... அண்ணன்தான்டா, கீரமங்கலத்துலேருந்து. சார்ஜாவுல மணி என்னங்கிறதெல்லாம் அப்பறம் பாக்கலாம். நேத்து நாம கம்ப்யூட்டர்ல போட்ட போரு செல்லாது... செல்லாதுன்னா செல்லாது.

ஆமா... ஆமா, என் ராசா செத்தான். இல்லைங்கல. எப்புடிச் செத்தான்? நான் மொதல்ல என் படையை நிறுத்துனேன். ஆத்தோரம் யானை, மேட்டுல வில்லுக்காரன். அம்புட்டையும் நீ நல்லாப் பாத்துட்டு, அப்பறம் என் யானைக்கு நேரா ஈட்டிக்காரனா அடுக்குன. என் பேப்பரைப் பாத்து எழுதிட்டு நீ பாஸு, நான் பெயிலா?

...வெளையாட்டாடா இது? சனிக்கெழமை நீ ஊருக்கு வந்து எறங்குற, ஞாயித்துக்கெழமை தங்கச்சி மோகனா மகளுக்குக் காதுகுத்து. வேணுங்கிறது ஒரு தாய்மாமன் மடி, நாம ரெண்டு பேரு இருக்கோம். செயிச்சவன் மடியிலதான் புள்ளன்னு பேசியிருக்கு...

சரி... சரி... தெரியும்டா. புள்ள பொறந்ததுலேருந்து நீ போன்லதான் பாத்துருக்க. அதுக்காக யானையை விட்டுத்தர முடியுமா?

புது ரூல் சொல்றேன் கேளு... மறைச்சு வைக்கிறதா? வேணாம், அது கண்ணைக் கட்டிக்கிட்டு அடிச்சுக்கிறது... மாத்தி மாத்தி ஒவ்வொண்ணாவா? கடைசி ஆளை வைக்கிறவனுக்குத்தான் லாபம். குறுக்க பேசாத. தென்னந்தோப்பைப் பங்கு போட்டப்ப என்ன செஞ்சோம்? மூத்தவன் நான் பிரிச்சேன், இளையவன் நீ எடுத்த. அதேதான். ரெண்டு படையையும் நானே நிறுத்துறேன். எது வேணுமோ நீ எடுத்துக்க...

ஆங், அப்புடி வா. நிறுத்திட்டேன், ஸ்கிரீனைப் பாரு... அங்கிட்டு மேடு இல்லையா? இந்தா, வச்சாச்சு... ஆறா? சரி, நடுவுல விட்டாச்சு... இங்கிட்டு யானை கூடவா? எடுத்தாச்சு... வெயிலு யாரு கண்ணுல அடிக்கும்னா கேக்குற? உச்சி வெயில்னு போட்டுக்க.

இப்ப எது வேணும்?... ஆமா, ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு. ஆரம்பி... நீ ஆரம்பி... நான் எதுக்கு மொதல்ல ஆத்துல எறங்கணும்? எறங்குனவன் செத்தான்ல...

இரு, மோகனா பக்கத்துல கத்துறா. என்னம்மா?... டே, புள்ளைக்குக் காது ரெண்டு இருக்காம். ஆளுக்கொரு காதுக்கு மடியில வச்சுக்கிட்டு, லேப்டாப்பை மூடச் சொல்றா.

...ஒத்துக்கிறியா? அப்ப அதே ரூல். நான் பிரிக்கிறேன். மொதக் காது, ரெண்டாவது காது. நீ எடு. நல்லா யோசிச்சுக்க. மொதக் காதுக்குப் புள்ள சிரிச்சுக்கிட்டு உக்காரும். ரெண்டாவதுக்கு ஊரைக் கூட்டும், ஒதைக்கும்...

ரெண்டாவதா? நெசமாவா?... மோகனா, நீ சாட்சி, ரெண்டாவது காது சேரனுக்கு. கோச்சுக்காத தம்பி, போட்டோவுல சிரிக்கிற புள்ள என் மடியிலதான். ஆமா, ஏன்டா அதை எடுத்த?

...ம்... ம்... கம்மலைப் போட்டதும் கழுத்தைக் கட்டிக்கிருமா?... தேம்பித் தேம்பி அப்புடியே ஒன் தோள்லயே தூங்கிருமா?... பந்தி முடியிற வரைக்கும் யாருகிட்டயும் போகாதா?

டே. நான் அதை யோசிக்கலடா. இரு, இரு, இது செல்லாது. பிரிச்சதுல தப்பு இருக்கு, திரும்பப் பிரிக்கிறேன்... சேரா?... ஹலோ?... மோகனா, வச்சுட்டான்மா.