பீலித் தண்ணியும் ஒரு கதிரையும்

கண்டியிலிருந்து புசல்லாவை போகும் பஸ்ஸில், என் முன் இருக்கையில் இரண்டு தோட்டத்துப் பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"எங்க மக நம்ம ஊத்துலருந்து வர்ற பீலித் தண்ணிய போத்தல்ல அடைச்சு அவ படிக்கிற கம்பஸுக்குக் கொண்டு போனா," என்றார் ஜன்னலோரம் இருந்தவர்.

"தண்ணியவா? எதுக்குக்கா?"

"சோதிக்கத்தான். அதுதானே அவ ஆராய்ச்சி. லயத்து வீட்டுப் புள்ளைகளுக்கு அடிக்கடி வயித்தால போச்சுல்ல? ஊத்துக்கு மேல கக்கூஸ் குழி இருக்கிறதாலதான்னு கண்டுபிடிச்சிட்டா."

"தோட்டத்துத் தொரை நம்பினாரா?"

"ரிப்போட்ட வாசிச்சதும் குழிய மாத்தச் சொல்லிட்டாரு. இந்த மழைக்கு ஒரு புள்ளையும் ஆஸ்பத்திரிக்குப் போகல."

மற்றவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொன்னு கேளு. அவ ரிப்போட்ட குடுக்கப் போன அன்னைக்கு நானும் கூடப் போனேன். தொரை அவளுக்கு உக்காரக் கதிரை போட்டாரு. அந்த ஆபிசுல நான் எப்பவும் நின்னுக்கிட்டுத்தான் பேசியிருக்கேன். அவ என்னைய அதுல உக்கார வச்சிட்டு, தான் நின்னுக்கிட்டே எல்லாத்தையும் வெளங்கப்படுத்தினா."