ஆரத்தித் தண்ணி வழவழன்னு இருக்குமா?

அடையாற்றில் பஸ் கிளம்பியதும், முன் சீட்டு மாமி கணவரிடம் உரக்கக் கேட்டார்.

“ஏன்னா, ஆரத்தித் தண்ணி எங்கயாவது வழவழன்னு இருக்குமா?”

“காருக்கு அடியில செவப்பா இருந்தது. மாப்பிள்ளைக்குச் சுத்தி நீ கொட்டினதுன்னு நெனச்சேன்.”

“அவர் வந்துட்டுப் போய் ஒரு மாசம் ஆச்சு! நேத்து அட்டையைப் போட்டுப் பார்த்தேன். கியர் பாக்ஸுக்கு நேர் கீழே சொட்டறது. தொட்டா எண்ணெய்.”

“மெக்கானிக்கும் அதான் சொன்னான். ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலாம். பழைய காரோல்லியோ, சீல் போயிடுத்து. ஆயில் கொறைஞ்சதுல ரிவர்ஸே விழலை.”

“ரிவர்ஸ் இல்லாம உங்க அக்கா ஆத்துக்குப் போக முடியுமா?”

“எப்படிப் போறது? அது முட்டுச் சந்து. பின்னாலயேதான் வெளியில வரணும்.”

மாமி சௌகரியமாகச் சாய்ந்துகொண்டார்.

“மெக்கானிக்கை அவசரப்படுத்தாதீங்கோ. பாவம், நிதானமாப் பண்ணட்டும்.”