எட்டாவது பாட்டைப் பாடியது யார்?

சுருக்கமாகப் பேசுவேன் என்ற என் வாக்கை நம்பி, கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்ட விழாத் தலைவர் அவர்களே! கிறிஸ்து பிறப்புப் பாடல்களின் குறுந்தகட்டை வெளியிட்டு வைத்த போதகர் ஐயா அவர்களே! பாடிப் பாடியே பல் போய், பல் போனபின்னும் பாட்டை விடாத பெரியவர்களே! ஒரு கையில் பிள்ளையும் ஒரு கையில் பாட்டுப் புத்தகமுமாகப் பயிற்சிக்கு வந்து பழகிய தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் நண்பர்களே! பாடகர் குழுவின் செயலாளர் என்ற பெயரில் ஒரு பெரும் குழப்பத்தைச் சுமந்து நிற்கும் இந்த எளியவனின் வணக்கம்.

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். இருபத்தாறு ஆண்டுகளாக இது சரி, இது தவறு என்று சிவப்பு மையால் சொல்லிச் சொல்லியே சோறு தின்றவன். வல்லினம் மிகுமா, மிகாதா? கேளுங்கள், சொல்கிறேன். றகரமா, ரகரமா? கேளுங்கள், சொல்கிறேன். ஆனால், இந்தக் குறுந்தகட்டின் எட்டாவது பாட்டைப் பாடியது யார்? கேட்காதீர்கள்! சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குத் தெரியாது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நான் தூக்கம் தொலைத்த கதை உங்களுக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும்.

ஆலயத்தின் பின்னறை அலமாரியை ஒழித்தபோது ஒரு பழைய ஒலிநாடா கிடைத்தது. முப்பத்தோர் ஆண்டுகளுக்கு முன் நம் பாடகர் குழு பாடியது. குழுவை அப்போது நடத்தியவர் இன்று நம்மிடையே இல்லை. மேலட்டையில் அவர் கையெழுத்தில், "கிறிஸ்து பிறப்பு" என்ற இரண்டே சொற்கள். ஒலிப்பதிவாளர் நண்பர் அதை ஊதி, உலர்த்தி, இரைச்சலை நீக்கி எடுத்துக் கொடுத்தார். ஏழு பாடல்கள் எல்லோரும் சேர்ந்து பாடியவை. எட்டாவது வந்தது. ஆர்மோனியம் நின்றது. ஒரே ஒரு பெண் குரல். கொட்டிலில் கிடக்கும் குழந்தைக்குத் தாலாட்டு.

என்ன குரல் ஐயா அது! பனியா, பாலா, பஞ்சா? உயர உயரப் போயிற்று; உரசாமல் போயிற்று; ஒரு பிள்ளை விழித்துவிடுமோ என்று பயந்து பயந்து போயிற்று. கேட்டு முடித்ததும் ஒலிப்பதிவாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "யாருங்க இவங்க?" என்றார். நான் விழித்தேன். அன்றைக்கு விழித்தவன் இன்னும் விழித்துக்கொண்டிருக்கிறேன்.

அட்டையில் பெயர் போட வேண்டுமே! அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டேன். இரண்டாம் நாளே ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் வந்தார். நம்மில் பாதிப்பேருக்கு ஊசி போட்டவர். "அந்தத் தாலாட்டு நான் பாடினது. என் பேரைப் போட்டா சந்தோஷப்படுவேன்," என்றார். விடை கிடைத்துவிட்டது என்று நான் விசிலடிக்காத குறை.

மூன்றாம் நாள் தையற்காரர் வந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்க, தையல் இயந்திரத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார். "அது எங்க அம்மா பாடினது. அம்மா சாகும்போது எனக்கு ரெண்டரை வயசு. அப்பா இந்த கேசட்டோட ஒரு காப்பியைக் கொடுத்து, 'இதுதான்டா உங்கம்மா'ன்னு சொன்னார். எனக்கு அம்மான்னா அந்தக் குரல்தான். அவங்க முகம்கூட ஞாபகம் இல்லை."

இப்போது சொல்லுங்கள். ஒரு குரல், இரண்டு பெண்கள். யாரை நம்புவது? யாரை விடுவது?

அன்றைய குழுவில் எஞ்சியிருக்கும் வேறு மூவரைத் தேடிப் போனேன். முதலாமவர், "செவிலியர்தான், சந்தேகமே இல்லை," என்றார். இரண்டாமவர், "தையற்காரரோட அம்மாதான், அடிச்சுச் சொல்றேன்," என்றார். மூன்றாமவருக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. நெடுநேரம் யோசித்துவிட்டு, "அந்தப் பாட்டா? நான்தான் பாடினேன்," என்றார். அவர் குரல் குழுவிலேயே கட்டைக் குரல்! அதோ, முன்வரிசையில்தான் இருக்கிறார். கைதட்டுங்கள் ஐயா, அவர் கோபிக்க மாட்டார்.

வேறு வழியில்லாமல் செவிலியரையும் தையற்காரரையும் ஒலிப்பதிவாளரின் அறைக்கு அழைத்தேன். நான்கு பேர் நுழைந்தால் நாற்காலி நகராத அறை. பாட்டு ஓடியது. செவிலியர் உதட்டசைத்தார். தையற்காரர் கண்ணை மூடிக்கொண்டார். பாட்டு முடிந்தபின் செவிலியர்தான் மெல்லப் பேசினார்.

"தம்பி, ஒண்ணு சொல்றேன். அன்னைக்கு ரெண்டு தடவை பதிஞ்சாங்க. முதல்ல நான் பாடினேன். அப்புறம் குழு நடத்துநர் உங்கம்மாவைப் பார்த்து, 'நீயும் ஒரு தடவை பாடும்மா'ன்னார். ரெண்டுல எதை வெச்சுக்கிட்டார், எதை அழிச்சார்னு யாருக்கும் தெரியாது. என்னோடதைத்தான் வெச்சிருப்பார்னு நானா நினைச்சுக்கிட்டேன்."

"இப்பக் கேட்டீங்களே, உங்க குரல் உங்களுக்குத் தெரியலையா நர்ஸம்மா?"

"எனக்கு அறுபத்து மூணு வயசு. அந்த வயசுக் குரல் எங்கிட்ட ஏதுப்பா? எனக்கும் குழப்பமாத்தான் இருக்கு."

தையற்காரர் அளவு நாடாவை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். "அப்போ எங்கப்பா எங்கிட்ட பொய் சொல்லிட்டாரா?" என்றார்.

அன்பர்களே! அந்தக் கேள்விக்கு எந்த அகராதியில் விடை இருக்கிறது? அந்தத் தகப்பன் தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா? தாயில்லாப் பிள்ளைக்கு ஏதாவது ஒரு குரலைக் கொடுக்க நினைத்தாரா? அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். யாரைக் கேட்பது? ஒலிப்பதிவாளர் நாடாவைக் கழற்றி உறையில் வைத்தார்.

மறுநாள் காலை செவிலியர் அச்சகத்துக்கு வந்தார். "நல்லா யோசிச்சுப் பார்த்தேன். அது அவங்கம்மா குரல்தான். அவங்க பேரையே போட்டுடுங்க," என்றார்.

"உண்மையாகவா?" என்றேன்.

"போடுங்கன்னா போடுங்களேன்!" என்று ஊசி போடும்போது அதட்டுவாரே, அதே குரலில் அதட்டினார்.

அவர் கதவருகே போகவில்லை, தையற்காரர் உள்ளே வருகிறார்! "சார், நர்ஸம்மா பேரையே போடுங்க. பாடினவங்க உயிரோட இருக்கும்போது..." என்று தொடங்கியவர் அவரைப் பார்த்துவிட்டார். பிடித்தது ஐயா சண்டை! முதலில் எனக்கு, எனக்கு என்ற சண்டை. இப்போது உனக்கு, உனக்கு என்ற சண்டை. இரண்டாவதுதான் சத்தம் அதிகம். அச்சுக் கோப்பவர்கள் வேலையை விட்டு வேடிக்கை பார்த்தார்கள். இருவரில் யார் சொல்வது உண்மை? யார் சொல்வது இரக்கம்? எனக்கு அன்றும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை.

திடீரென்று தையற்காரர் நிறுத்தினார். வேறு ஒன்று கேட்டார்.

"நர்ஸம்மா, அன்னைக்கு நீங்க எங்கம்மா பக்கத்துல நின்னீங்களா?"

"பக்கத்துலதான். தோளோட தோள்."

"எப்படி இருந்தாங்க?"

செவிலியர் கோபத்தை மறந்து உட்கார்ந்தார். "செருப்பு வார் அறுந்துபோச்சு அன்னைக்கு. ஊக்கு குத்திக்கிட்டு வந்திருந்தாங்க. அது பாதத்துல குத்திக்கிட்டே இருந்துச்சு. பாடப் போறதுக்கு முன்னாடி எங்கையைப் பிடிச்சாங்க, சில்லுன்னு இருந்துச்சு. 'அக்கா, நடுவுல மறந்துட்டா என்னைப் பார்த்துச் சிரிச்சிடாதீங்க'ன்னாங்க. பாடி முடிச்சதும் அவங்களே சிரிச்சிட்டாங்க. சத்தமா. நடத்துநர் திட்டினார். திட்டத் திட்ட இன்னும் சிரிச்சாங்க."

"எங்கம்மா சத்தமா சிரிப்பாங்களா?"

"கூரை பிச்சுக்கும்ப்பா!"

தையற்காரர் என் மேசைமேல் கிடந்த தாள்களின்மீது தலையைக் கவிழ்த்தார். நான் திருத்திய பக்கங்கள் நனைந்தன. செவிலியர் அவர் முதுகில் கை வைத்தபடி, அந்த அம்மாள் எப்படி நடப்பார், எதற்குக் கோபிப்பார், மகன் பிறந்தபோது வார்டு முழுக்க எப்படிப் பெருமையடித்தார் என்று சொல்லிக்கொண்டே போனார். மதிய உணவு மணி அடித்தது. யாரும் எழவில்லை.

பெயர் என்ன ஆயிற்று என்கிறீர்களா? அட்டையைத் திருப்பிப் பாருங்கள். எட்டாவது பாட்டின் கீழே இரண்டு பெயர்களும் இருக்கின்றன. "இவ்விருவருள் ஒருவர் பாடியது" என்று இருக்கிறது. இப்படி ஒரு வரியை வேறு யாராவது எழுதியிருந்தால் சிவப்பு மையால் வெட்டியிருப்பேன். இதை நானே எழுதினேன். நானே சரி பார்த்தேன். நானே கையெழுத்திட்டேன். செய்தது சரியா? தெரியாது. இதைவிடச் சரியாக வேறென்ன செய்திருக்கலாம்? அதுவும் தெரியாது.

இன்று காலை நாற்காலி போடும்போது தையற்காரரிடம் கேட்டேன்: "இப்ப அந்தப் பாட்டைக் கேட்டா உங்களுக்கு என்ன தோணுது?"

அவர் சொன்னார்: "இத்தனை வருஷமா அந்தக் குரல் முடிஞ்சதும் கேசட்டை நிறுத்திடுவேன் சார். இப்ப நிறுத்துறதில்லை. பாட்டு முடிஞ்சப்புறம் அந்த அமைதியிலயும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கேன். அங்கதானே அவங்க சிரிச்சிருப்பாங்க."

பெரியோர்களே, தாய்மார்களே! அந்த எட்டாவது பாட்டை இப்போது ஒலிக்க விடப்போகிறோம். ஒரே ஒரு வேண்டுகோள். பாட்டு முடிந்த உடனே கைதட்டிவிடாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள். மூன்றாம் வரிசையில் செவிலியரின் பக்கத்தில் ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

பொறுமையோடு செவிமடுத்த உங்கள் ஒவ்வொருவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. இல்லந்தோறும் இன்னிசை நிறைய, கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள். வணக்கம்.