வேர்வை மேல் போட்ட பழி

இசக்கியப்பன்: தலைய ஆட்டாதீரும் அத்தான். சவுரி நிக்க மாட்டேங்கு.

தாணுமாலையன்: நான் எங்கலே ஆட்டுதேன்? ஈ மொய்க்கி.

இசக்கியப்பன்: மொய்க்காம என்ன செய்யும்? இன்னும் ரவிக்கை கூடப் போடல, அதுக்குள்ள கழுத்துல வாய்க்கால் ஓடுது.

தாணுமாலையன்: சித்திர மாசம், உச்சி வெயிலு. கோயிலுக்குப் பின்னால இந்த ஓலைப்பந்தலுக்குள்ள குந்த வச்சா, பின்ன பன்னீரா வடியும்?

இசக்கியப்பன்: எனக்கும் அதே வெயிலு, அதே பந்தலு. நான் அரிதாரம் பூசி, சேல கட்டி, சலங்கையும் கட்டியாச்சு. எனக்கு வடியலியே.

தாணுமாலையன்: வடியறதுக்கு ஒன் மேலுல என்ன இருக்கு? காஞ்ச முருங்கக்காய்.

இசக்கியப்பன்: பேசும், பேசும். கணியான் கூத்துல பொம்பள வேசம் கட்டுத ரெண்டு பேர்ல எவ அழகின்னு இன்னைக்கு ஊரு சொல்லட்டும்.

தாணுமாலையன்: என்னத்தான் சொல்லும். பதினெட்டு வருசமாச் சொல்லுது.

இசக்கியப்பன்: போன வருசக் கோயில் கொடையில என்ன சொல்லிச்சு? ஞாபகம் இருக்கா? மாருல வச்ச துணிப்பந்து ரெண்டும் வேர்வையக் குடிச்சுக் குடிச்சுக் கனத்து, வயித்துக்கு எறங்கிட்டு. 'அக்காளுக்கு எத்தன மாசம்'னு கேட்டான் ஒருத்தன்.

தாணுமாலையன்: அது முடிச்சு சரியில்ல. கட்டுனவன் நீ.

இசக்கியப்பன்: அதுக்குத்தான் இன்னைக்குத் துணிப்பந்தே கெடையாது. இந்தாரும்.

தாணுமாலையன்: என்னது இது... தேங்கா செரட்டையா?

இசக்கியப்பன்: ரெண்டு நாளா மணல் போட்டுத் தேச்சு வழுவழுன்னு ஆக்கிருக்கேன். ஒரு சொட்டு வேர்வை குடிக்காது.

தாணுமாலையன்: குனிஞ்சு நிமிந்தா குத்துமேலே!

இசக்கியப்பன்: பொம்பளையாப் பொறந்தா குத்தும் கொடைச்சலும் இருக்கத்தான் செய்யும். கையத் தூக்கும். உள்ள இந்த மல்லுத்துணி. வேர்வைய அது வாங்கிக்கிடும், ரவிக்கை நனையாது.

தாணுமாலையன்: பெரிய வைத்தியம் எல்லாம் பாக்க... எதுக்குலே இன்னைக்கு இம்புட்டு மெனக்கெடுத?

இசக்கியப்பன்: அண்ணாவி சொல்லிருக்காரு. ஒம்ம மூஞ்சில இன்னைக்கு ஒரு பொட்டு ஈரம் வரப்படாதுன்னு.

தாணுமாலையன்: அவருக்கென்ன, நின்ன எடத்துல நின்னு பாடுதவரு. மகுடப்பறை அடிக்குச் சுத்திச் சுத்தி ஆடுதவன் நான்லா. வேர்க்காம ஆடுனா அது ஆட்டமா? சுடலமாடனே ஒத்துக்கிட மாட்டான்.

இசக்கியப்பன்: மாடன்கிட்ட நான் பேசிக்கிடுதேன். இந்தக் கிண்ணத்தப் பிடியும்.

தாணுமாலையன்: தண்ணியா? குடு, நாக்கு வறண்டு கெடக்கு.

இசக்கியப்பன்: ஏ குடிச்சிராதீரும்! படிகாரம் வே அது!

தாணுமாலையன்: சொல்லிட்டுக் குடுக்கதுக்கு என்ன?

இசக்கியப்பன்: கிண்ணத்துக்கு அடியில கட்டி கட்டியா கெடக்கே... சரி, விடும். பேட்டையில ஷேக் மைதீன் ராவுத்தர் கடையில வாங்குனேன். அரிதாரத்துக்கு முன்ன நெத்தியிலயும் மேல் உதட்டுலயும் மூணு தடவ பூசிக் காய விட்டா, தோலு சுருங்கிப் பிடிச்சிக்கிடுமாம். கண்ண மூடும்.

தாணுமாலையன்: ஸ்... எரியுதுலே!

இசக்கியப்பன்: எரியட்டும். குடிக்கதுக்கு அந்தச் செம்புல நீராகாரம் இருக்கு. உப்பு கூடப் போட்டிருக்கேன். மடமடன்னு குடிக்கப்படாது, ஒரு வாய், ஒரு வாய். குடிச்ச தண்ணி அம்புட்டும் ஒமக்கு மூஞ்சி வழியாத்தான் வருது.

தாணுமாலையன்: செம்பு எங்க?

இசக்கியப்பன்: ஒம்ம முட்டுக்குப் பக்கத்துல.

தாணுமாலையன்: ஆமா... பாத்தேன், பாத்தேன்.

இசக்கியப்பன்: விடியக்காலம் ஆத்துல குளிக்கும்போது வால்வெள்ளியப் பாத்தீரா அத்தான்? கல்லிடைக்குறிச்சிப் படித்துறையே வாயப் பொளந்துக்கிட்டு நின்னுது. ராசாவுக்கு ஆகாதுங்காங்க.

தாணுமாலையன்: பாக்காம என்ன? மலைக்கு மேல நல்லா நீட்டிக்கிட்டு நின்னுதே.

இசக்கியப்பன்: மலை மேக்க இருக்கு.

தாணுமாலையன்: ஆமா, மேக்க.

இசக்கியப்பன்: ம்... எனக்குக் கெழக்கலா தெரிஞ்சுது. சரி, இப்ப நெத்திக்கட்டு.

தாணுமாலையன்: அது வேறயா?

இசக்கியப்பன்: முடிக்கு அடியில இந்த நாடாவ இறுக்கிக் கட்டிட்டு, மேல நெத்திச்சுட்டிய வச்சிட்டா வெளிய தெரியாது. தலையில வேர்க்குத வேர்வை புருவத்துக்கு எறங்காம இது தடுத்திரும். கண்ணுக்குள்ள போகவே போகாது.

தாணுமாலையன்: கட்டு வேண்டாம்லே. தல வலிக்கும்.

இசக்கியப்பன்: வலிச்சா ஒரு நாழி வலிக்கும்.

தாணுமாலையன்: வேண்டாங்கேன். இது என்ன, கோட்டி பிடிச்சவனக் கட்டுத மாதிரி...

இசக்கியப்பன்: அசையாதீரும். ஆச்சு. இனி அரிதாரம். பைய, ஒத்தி ஒத்தி வைக்கேன். அதுக்கு மேல அரிசிமாவு. ஆட்டத்துக்கு நடுவுல வேர்த்தா துண்டால தேய்க்கப்படாது, ஒத்தித்தான் எடுக்கணும். தேய்ச்சீருன்னா பாதி மூஞ்சி பொம்பள, பாதி மூஞ்சி மீசக்காரன்.

தாணுமாலையன்: லே, நீ அங்கிட்டும் இங்கிட்டும் நடக்கும்போது என்னலே சத்தம் அது? வண்டிமாடு வந்த மாதிரி. சலங்கை புதுசா?

இசக்கியப்பன்: பழசுதான். மணி கூடச் சேத்திருக்கேன். காலுக்கு நூறு.

தாணுமாலையன்: நூறா! எனக்கு அம்பதுதான. வயசுக்கு வந்த பிள்ள மாதிரி என்னலே சிங்காரம் ஒனக்கு?

இசக்கியப்பன்: கயித்த மாத்தித் தோல்வாரும் போட்டாச்சு. கண்ணத் தொறக்காதீரும், மை எழுதுதேன்... ஆச்சு. இந்தாரும் கண்ணாடி. பாத்துச் சொல்லும்.

தாணுமாலையன்: கண்ணாடி என்னத்துக்கு? நீ பாத்தாச்சுல்லா.

இசக்கியப்பன்: முந்தியெல்லாம் அரமணி நேரம் கண்ணாடிய விட மாட்டீரு.

தாணுமாலையன்: முந்தி கொமரி. இப்பம் கெழவி... யாரது வாசல்ல? யாரு?

அண்ணாவி: யாரா? எட்டு மொழத் தூரத்துல குத்துக்கல்லு மாதிரி நிக்கேன், யாருன்னா கேக்கீரு தாணு?

இசக்கியப்பன்: படிகாரத் தண்ணி அவரு கண்ணுல பட்டுட்டு அண்ணாவி. எரிச்சலு. வாங்க, வாங்க.

அண்ணாவி: எங்க, நெத்தியக் காட்டும்... அட, சுண்ணாம்பு பூசுன செவரு மாதிரி காஞ்சு கெடக்கு! கொள்ளாம்லே இசக்கியப்பா. கேளும் தாணு. கொடை நடத்துத தில்லைநாயகம் அண்ணாச்சி இப்பந்தான் என்னக் கூப்பிட்டு விட்டாரு.

தாணுமாலையன்: என்னவாம்?

அண்ணாவி: பொங்கப்பான இன்னைக்கு இருவத்தொண்ணு, வரிசையா வச்சிருக்கு. பொங்கி வருத நேரம் நீங்க ரெண்டு பேரும் வரிசையச் சுத்தி ஆடணும். போன வருசம் நீரு, பொங்க வந்த இசக்கியம்மா பானையில கால வச்சு ஒடச்சதுல, கொதிகஞ்சி அவ காலுல ஊத்தி, ஒரு மாசம் நடக்க மாட்டாம கெடந்தா. நேந்து வச்ச பான ஒடஞ்சு போச்சேன்னு ஊரே தலையில கை வச்சிட்டு.

தாணுமாலையன்: அன்னைக்கு வேர்வை கண்ணுல விழுந்துட்டு அண்ணாவி. நான்தான் அப்பவே எல்லார்கிட்டயும்...

அண்ணாவி: அதத்தான் சொல்லுதேன். அந்த வேர்வைக்கு வழி பாத்தாச்சு, இனி அப்படி ஆகாதுன்னு அண்ணாச்சிகிட்ட அடிச்சுச் சொல்லிட்டு வந்திருக்கேன். இனிம வேர்வைங்க பேச்சே நம்ம வாயில வரப்படாது. இன்னைக்கு ஒரு பானையில கால் பட்டாலும், அடுத்த கொடைக்கு ஒம்ம எடத்துல வேற ஆளு. பேட்டையிலேருந்து ஒருத்தன வரச்சொல்லி, அந்தா புளியமரத்தடியில உக்கார வச்சிருக்காங்க. அன்னா, தெரியுதா?

தாணுமாலையன்: ம்... தெரியுது.

இசக்கியப்பன்: மரத்துக்கு அந்தப் பக்கம்லா இருக்கான் அண்ணாவி, இங்கன இருந்து எப்படித் தெரியும்? நீங்க போங்க. செவப்புச் சேலயச் சுத்திட்டு வந்திருதோம்.

அண்ணாவி: கெதியா வாங்க. மகுடத்தத் தீயில காட்டியாச்சு, ஒரு தட்டுத் தட்டுனா ஆட்டம் ஆரம்பம்.

இசக்கியப்பன்: ... போயிட்டாரு. எந்திரியும் அத்தான், கொசுவம் வைக்கேன். என்ன உக்காந்துட்டீரு?

தாணுமாலையன்: லே... அந்த நெத்திக்கட்ட அவுத்துரு.

இசக்கியப்பன்: எதுக்கு?

தாணுமாலையன்: அவுருன்னா அவுரு. படிகாரத்தையும் தொடச்சிரு.

இசக்கியப்பன்: தொடச்சா கொட கொடன்னு ஊத்துமே வே.

தாணுமாலையன்: ஊத்தட்டும். ஊத்துனாத்தான் நான் ஒரு சாக்குச் சொல்லிக்கிட முடியும். மூஞ்சி இப்படிக் காஞ்சு கெடந்தா, கால் இடறும்போது நான் எதைலே சொல்லுவேன்?

இசக்கியப்பன்: கால் எதுக்கு இடறுது?

தாணுமாலையன்: ... கண்ணு தெரியலலே. ரெண்டு வருசமாச்சு. மொதல்ல பொகை மூட்டமா இருந்துது. இப்பம் வெயில்ல வந்தா எல்லாம் ஒரே வெள்ள. எது பான, எது பக்கத்துல நிக்க பொம்பளன்னு தெரியல. ஒன் அக்காகிட்டக் கூடச் சொல்லல. பாளையங்கோட்டையில மிசன் டாக்டர்கிட்டப் போனேன். கண்ணுக்குள்ள சதை வளந்திருக்கு, கத்தி வச்சு எடுக்கணும்னாரு. கண்ணுல கத்தியான்னு எந்திரிச்சு ஓடி வந்துட்டேன்.

இசக்கியப்பன்: பின்ன இம்புட்டு நாளும் எப்படி ஆடுனீரு?

தாணுமாலையன்: சொன்னா ஏசப்படாது. ஒன் சலங்கையப் பிடிச்சிக்கிட்டுத்தான். ஒன் சத்தம் எங்க கேக்கோ, அங்கன இருந்து ஒரு மொழம் தள்ளி என் கால். நீ திரும்புனா திரும்புவேன். ஒனக்குத் தெரியாம ஒன்ன ஒட்டிக்கிட்டு ஆடுனேன்.

இசக்கியப்பன்: போன வருசம் மட்டும் ஏன் கால் தப்புச்சு?

தாணுமாலையன்: அதுதாம்லே எனக்கும் பயம். நல்லாத்தான் வந்துக்கிட்டிருந்தேன். நடுவுல ஒன் சத்தம் பாதி அத்துப்போச்சு. நீ எந்தப் பக்கம் நிக்கன்னே பிடிபடல. கண்ணு மாதிரி காதும் போகுதோன்னு... அன்னையிலேருந்து சரியா ஒறக்கம் இல்ல. இன்னைக்கும் அப்படி ஆச்சுன்னா இன்னொருத்தி காலு வெந்து போகும். கட்ட அவுத்துரு மாப்ள. இல்லன்னா மேலுக்கு முடியலன்னு சொல்லிரு. அந்தப் பேட்டைக்காரனே ஆடட்டும்.

இசக்கியப்பன்: சேலயத் தூக்கிப் பிடியும்.

தாணுமாலையன்: நான் சொன்னது காதுல விழுந்துதா இல்லியா?

இசக்கியப்பன்: விழுந்துது. கட்டையும் அவுக்க மாட்டேன், படிகாரத்தையும் தொடைக்க மாட்டேன். கொடை முடிஞ்ச மறுநாளு ரெண்டு பேரும் ரயிலேறி அந்த டாக்டர்கிட்டப் போறோம். நான் கையப் பிடிச்சிக்கிடுதேன், ஓட விட மாட்டேன்.

தாணுமாலையன்: அது நாளன்னைக்கு. இன்னைக்கு இருவத்தோரு பானைக்கு என்னலே செய்ய? அந்தா, மகுடம் தட்டியாச்சு!

இசக்கியப்பன்: எந்திரியும். வழக்கம்போல நான் முன்னால போறேன், நீரு ஒரு மொழம் தள்ளி வாரும். பான கிட்ட வந்தா எடது கால ரெண்டு மிதி மிதிப்பேன், கேட்டதும் வெலகிக்கிடும். போன வருசமும் அப்படித்தான் மிதிச்சேன் அத்தான். ஒம்ம காதுக்கு ஒண்ணும் கொறவு இல்ல. மிதிச்ச மிதியில கயிறு அறுந்து, எடது கால் மணி அம்புட்டும் மண்ணுல கொட்டிட்டு. நீரு என் தப்பத் தூக்கி வேர்வை மேல போட்டீரு, நான் அத வெளிய சொன்னா ஒம்ம கண்ணு விசயம் வெளிய வந்துருமேன்னு ஒரு வருசமா வாய மூடிக்கிட்டு இருந்தேன். வாரும், வெயிலுக்குப் பயப்படாதீரும். இது தோல்வாரு, அறுந்து போகாது.