வெளிறின கரி

இல்லைங்கய்யா, அந்தப் பெட்டியில உங்க பொண்ணோட புஸ்தகம் மட்டுந்தான். கண்ணாடித் துண்டெல்லாம் இந்த டிராயர்ல இருக்கு. உக்காருங்க, எடுத்துத் தர்றேன். ஓரத்தைப் பிடிங்க, நடுவுல விரல் படக்கூடாது. அவ அப்படித்தான் எல்லாரையும் அதட்டுவா, என்னையும் சேத்து.

மேல பூசியிருக்கறதா? கரிதான். நம்ப முடியலைல்ல? அந்தா, இரும்பு அண்டா மாதிரி இருக்கே, அதுல காத்தை உறிஞ்சி எடுத்துட்டு, கொஞ்சம் கேஸ் விட்டு கரண்டு குடுத்தா உள்ள ஊதாவா ஒரு வெளிச்சம் வரும். கேஸ்ல இருக்கற கரி பிரிஞ்சு கண்ணாடியில படியும். ஒரு முடியை இருநூறா வகுந்த மாதிரி மெலிசா. அப்புறம் லைட்டை விட்டு, எவ்வளவு தாண்டிப் போகுது, எவ்வளவை முழுங்குதுன்னு அளப்பாங்க. நான் வெறும் ஆபரேட்டர், பாத்துப் பாத்துப் பழகினது.

எல்லாரும் போட்டா கறுப்பாதான் வரும். அவளுக்கு மட்டும் வெளிறிப்போய், தேன் நிறத்துல வந்துச்சு. ஊசியால இழுத்தாலும் கோடு விழல. அண்ணே, இதுக்குள்ள உங்க மூஞ்சி தெரியுதுண்ணேன்னு என்னா குதி குதிச்சா! மூணு மாசத்துல பதினோரு துண்டு.

அப்புறம் புரொபசர் வேற ரெண்டு பேரை விட்டு, அதே கேஸ், அதே கரண்டுல போட்டுப் பாக்கச் சொன்னார். மூணு தடவையும் கறுப்பு. அளந்த எண்ணையெல்லாம் இவளா இட்டுக்கட்டி எழுதிக்கிட்டான்னுட்டாங்க. துண்டைக் காட்டினா, வேற என்னத்தையோ தடவியிருக்கான்னாங்க. அவ யாரையும் குத்தம் சொல்லல. என்கிட்ட வந்து, மிஷின்ல எதாச்சும் மாறிச்சாண்ணேன்னு கேட்டா. மிஷின்ல என்ன மாத்தினாலும் எழுதிவைக்கற நோட்டைத் திருப்பிக் காட்டினேன். ஒண்ணும் இல்லம்மான்னேன். அன்னைக்கே வீட்டுக்குக் கிளம்பிட்டா.

இன்னும் பேசறதே இல்லையா? ஒன்றரை வருஷமாவா? சாப்பாடாச்சும்... ம்.

இங்கயிருந்தும் அவ போகலைங்கய்யா. அண்டாவுல இருக்கற சின்னக் கண்ணாடி ஜன்னல்ல குனிஞ்சு ஊதா வெளிச்சத்தைப் பாப்பேன், தோள்கிட்ட யாரோ மூச்சு விடுவாங்க. மாறிச்சாண்ணேன்னு கேக்கும். திரும்பினா பம்ப்பு சத்தம். பட்டப்பகல்லங்க, பக்கத்துல நாலு பேர் வேலை பாக்கும்போதே.

போன வாரம் நானே ஒண்ணு போட்டேன். வெளிறித்தான் வந்துச்சு. அளந்தா, அவ எழுதின எண்ணு, ஒரு புள்ளி மாறல.

எப்படியா? கேஸ் வால்வு ஒண்ணு கெட்டுப்போய், மீட்டர் காட்டறதைவிடக் கூட கேஸ் விட்டுக்கிட்டிருந்துச்சுங்க. அதை வச்சுத்தான் அவ ஓட்டினா. ஆறு மாசத்துக்கு ஒருக்கா சோதிக்கணும். நான் சோதிக்காமலே கையெழுத்துப் போட்டுட்டிருந்தேன். அந்த ரெண்டு பேர் வர்றாங்கன்னதும் பயந்துபோய், முந்தின நாளே புதுசு மாட்டிட்டேன். நோட்டுல எழுதல. பழசு என் வீட்டு பீரோவுல துணிக்கு அடியில கிடந்துச்சு. போன வாரம் அதைத்தான் கொண்டுவந்து மாட்டினேன்.

இன்னைக்குக் காலையிலதான் எல்லாத்தையும் நோட்டுல எழுதிவச்சேன், பழைய தேதி போடாம இன்னைக்குத் தேதி போட்டே. புரொபசர் பதினோரு மணிக்கு வருவார். நீங்களும் இருங்கய்யா.