பெரியவன் மாதிரி

விளக்கை அணைக்க மறப்பது எங்கள் தொழிலில் எல்லோரும் ஒரு தடவையாவது செய்கிற தப்பு, சார். அதற்காக யாரையும் தூக்கில் போடுவதில்லை.

எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் உள்ளே பார்ப்பதற்கென்று ஒரு குட்டி விளக்கு இருக்கும். எலக்ட்ரான் பட்டால் சில கற்கள் தாமாகவே ஒளிரும். நல்ல கல் சீராக ஒளிரும், விரிசல் இருந்தால் கறுப்புக் கோடாகத் தெரியும். அந்த ஒளியைப் படம் பிடிக்கும் முன் விளக்கை அணைக்க வேண்டும். மறந்தால் படம் முழுக்க வெள்ளைதான், கோடெல்லாம் காணாமல் போய்விடும்.

அண்ணன் வேலை பார்த்த தொழிற்சாலையில் அழுத்த உலைக்குப் புது ஜன்னல் போட இருந்தார்கள். கண்ணாடிக்குப் பதில் செயற்கை நீலக்கல். அதில் வெட்டிய மாதிரித் துண்டைச் சோதித்துச் சொல்ல என்னிடம் அவனே கொண்டுவந்து கொடுத்தான்.

"டேய், இருட்டுல உக்காந்து தூங்கிடாத. அந்த ஜன்னல்ல தினமும் மூஞ்சிய வெச்சுப் பாக்கறவன் நான்தான்."

சிரித்தேன். நல்ல மனுஷன், சார். அவன்மேல் எனக்குக் கோபமே இல்லை.

அம்மாவுக்குப் பதினோரு வருஷமாகக் கண் தெரியாது. குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் நான்தான். அண்ணன் மாதம் ஒரு தடவை வருவான். தினமும் ஆறு மணிக்கு என் செருப்புச் சத்தம் கேட்டதும் அம்மா கேட்பார், "பெரியவனா?"

"இல்லம்மா, நான்தான்."

"ஓ, நீயா."

சில நாள் அதோடு நிற்காது. "என்ன இருந்தாலும் பெரியவன் மாதிரி வருமா?" என்பார். முதலில் வலித்தது. அப்புறம் பழகிப்போனது. எங்கள் தொழிலில் மாதிரி என்றால் சின்னத் துண்டு. அதைப் பார்த்தே முழுசையும் முடிவு செய்துவிடலாம்.

நான் விளக்கை மறந்துவிட்டேன் என்று வாக்குமூலத்தில் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். முதல் தடவை அணைத்துவிட்டுத்தான் பார்த்தேன். மூன்று கறுப்புக் கோடுகள், தெளிவாக. பிறகு விளக்கைப் போட்டேன். மறுபடி படம் எடுத்து, முதல் படத்தை அழித்து, 'குறை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்புறம் கை கழுவிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

மாட்டிய இருபத்து மூன்றாம் நாள் ஜன்னல் வெடித்தது. அண்ணனை மூடிய பெட்டியாகத்தான் கொடுத்தார்கள். அண்ணி என் தோளில் சாய்ந்து அழுதார். "அத்தைக்குச் சொல்லாதீங்க, தாங்க மாட்டாங்க" என்றார். நான் சொல்லவில்லை.

அன்று மாலை செருப்பைக் கழற்றும்போது அம்மா கேட்டார், "பெரியவனா?"

"ஆமாம்மா."

இரண்டு கையாலும் என் முகத்தைத் தடவினார். "இளைச்சுட்டியேடா" என்றார். அதற்குப் பிறகு ஒரு நாள் தவறாமல் தடவுகிறார்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும், சொல்லுங்கள். மணி ஐந்தரை ஆகிறது. அம்மா காத்துக்கொண்டிருப்பார். அண்ணன் வீட்டுக்கு வருகிற நேரம், சார்.