பதினோராவது தாள்

உங்கள் தலைக்கு மேலே இருக்கிற ஏசி கிரில்லில் இடது ஓரம் மட்டும் கறுத்துப் போயிருக்கிறது, பார்த்தீர்களா. அது டக்ட்டுக்குள்ளிருந்து, அதாவது குளிர்காற்றை அறை அறையாகக் கொண்டுபோகிற குழாய்க்குள்ளிருந்து, வருகிற அழுக்கு அல்ல. கிரில்லும் கூரையும் சேருகிற இடத்தில் சந்து விட்டிருக்கிறது. மேலே பரணில் வெந்துகொண்டிருக்கும் காற்று அந்தச் சந்து வழியாக இறங்கி, தன் தூசியை அங்கே விட்டுவிட்டுப் போகிறது. யாராவது வந்து டக்ட் முழுவதையும் சுத்தம் செய்தே ஆக வேண்டும் என்று பயமுறுத்தினால் நம்பிவிடாதீர்கள். சந்தை அடைத்தால் போதும், பத்து நிமிட வேலை.

இப்படி உள்ளதைச் சொல்லியே நான் பல வேலைகளை இழந்திருக்கிறேன். அதனாலேயே பல வேலைகள் தேடியும் வந்திருக்கின்றன. மேசா என்கிற இந்தப் பாலைவன ஊரில் பத்தொன்பது வருடமாக இந்தத் தொழில். ஜூலையில் ஒரு புழுதிப் புயல் அடித்து ஓய்ந்தால் போதும், மறுநாள் காலையில் டக்ட் சுத்தம் செய்கிறவர்கள் ஈசல் மாதிரிக் கிளம்பிவிடுவார்கள். வேறு யார் வீட்டிலோ எடுத்த பூஞ்சைப் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு, உங்கள் வீட்டுக் குழாய்தான் இது என்று வயதானவர்களை மிரட்டுவார்கள். இந்த எஃப்ராயின் கோர்டோவா அப்படிப்பட்டவன் இல்லை என்று, நான் வேலைக்குப் போகிற ஓய்வுபெற்றவர்கள் குடியிருப்பில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். உங்களிடமும் சொன்னார்கள் என்று கேள்விப்பட்டேன்.

என் தங்கை கணவன் சில்வேரியோ, தான் மறந்துபோனதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று இதே ஸ்டேஷனில் உங்களிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறான். அவன் மறந்தது உண்மை. ஆனால் நடந்ததில் அது கால் பங்கு. மிச்ச முக்கால் பங்கைச் சொல்லத்தான் நானாக வாயைத் திறக்கிறேன். நானாக என்றால், நீங்கள் அந்தப் படத்தை என் முன்னால் வைத்த பிறகு. அதையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

வேலை எப்படி நடக்கும் என்று தெரிந்தால்தான் மற்றது புரியும். ஒரு வீட்டில் எத்தனை கிரில் இருக்கிறதோ அத்தனையையும் முதலில் நீல நிற ஒட்டுத்தாளால் அடைத்துவிடுவோம். பிளாஸ்டிக் தாள், ஒரு துளிக் காற்று போகாது. பிறகு பெரிய உறிஞ்சு எந்திரத்தைத் தாய்க்குழாயில் மாட்டி ஓடவிட்டு, ஒவ்வொரு கிரில்லாகத் திறந்து காற்றால் அடித்து, மறுபடி அடைத்துக்கொண்டே வருவோம். எல்லாம் முடிந்து ஃபில்டர் மாற்றிய பிறகுதான் தாள்களைக் கிழிப்பது. கிழித்த தாள்களை வேன் கதவில் வரிசையாக ஒட்டி எண்ணுவோம். ஏறியது எத்தனையோ இறங்கியதும் அத்தனை இருக்க வேண்டும். ஒவ்வொரு கிரில்லையும் வேலைக்கு முன்னால் ஒரு படம், வேலைக்குப் பின்னால் ஒரு படம் எடுத்து, வேலை சொன்னவருக்கு அனுப்பிவிடுவோம். தாளை ஒட்டுவதும் கிழிப்பதும் சில்வேரியோ. எண்ணுவதும் படம் எடுப்பதும் நான்.

ஆர்லீன் ஹால்வர்சன் அம்மாவின் வீட்டில் பதினொரு கிரில். அந்த அம்மாவுக்கு எண்பத்து நான்கு வயது. நடக்க ஒரு கைச்சட்டம், இதயத்துக்கு மாத்திரை, தனி வாசம். மகன் கர்ட் எங்கேயோ தூரத்தில், மின்னசோட்டாவில் இருக்கிறார். வேலையைப் போனில் சொன்னது அவர்தான். செவ்வாய்க்கிழமை நாங்கள் போனபோது வெளியே நூற்றுப் பதினாறு டிகிரி ஃபாரன்ஹீட். அந்த அம்மா எங்களை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு பேரும் காலை நல்லாத் தட்டிட்டு வாங்க கண்ணு. தூசி எடுக்க வந்தவங்களே தூசியக் கொண்டாந்தா எப்படி?"

"கொண்டு வந்தாத்தானேம்மா அடுத்த வருசமும் எங்களக் கூப்பிடுவீங்க," என்றான் சில்வேரியோ.

"அடுத்த வருசம் நான் இருந்தாப் பாக்கலாம். இல்லேன்னா கர்ட்கிட்ட பேசு. பேசிப் பேசியே உன்னக் கொன்னுடுவான்."

வெயிலில் கண்ணாடி ஜாடியை வைத்து ஊறவைத்த டீயை ஐஸ் போட்டுக் கொடுத்தார். வேலை முடிந்ததாகப் போடவேண்டிய கையெழுத்தையும் முன்கூட்டியே போட்டுவிட்டார். தான் மத்தியானம் கொஞ்சம் கட்டையைச் சாய்க்க வேண்டும், தன் அறையை முதலில் முடித்துக் கொடுத்துவிடுங்கள் என்றார். அப்படியே செய்தோம். வீட்டின் கடைசியில், மேற்குச் சுவரை ஒட்டிய அறை. அதன் கிரில்லைச் சுத்தம் செய்து, தாளை ஒட்டி வைத்தோம். அவர் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தார்.

மூன்று மணிக்கு சில்வேரியோ என்னிடம் வந்தான்.

"மச்சான், அடுக்களைய விட்டா அம்மா ரூம் தாள் மட்டும் பாக்கி. அது நல்லாத் தூங்குது. எழுப்பவா?"

"விடு மாப்ளே, பாவம். அடுக்களைய முடி. எந்திரிச்சதும் எடுத்துக்கலாம்."

அடுக்களை முடிந்தது. எந்திரத்தைக் கழற்றினோம், குழாயைச் சுருட்டினோம். அடுத்த வீட்டுக்காரர் இரண்டு தடவை போன் செய்துவிட்டார். நான் எடுத்திருப்பேன் என்று அவனும், அவன் எடுத்திருப்பான் என்று நானும் கிளம்பிவிட்டோம். ஆனைக்கும் அடி சறுக்கும். இதுவரை நீங்கள் எங்கள் இருவர் மேலும் பெரிதாகக் குறை சொல்ல முடியாது என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு, அவனை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து வேன் கதவைப் பார்த்தேன். ஹால்வர்சன் வீட்டுத் தாள்கள் பத்து. எந்த அறை என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த மாதிரி வீடுகளில் தெர்மோஸ்டாட் கூடத்துச் சுவரில் இருக்கும். கூடம் குளிர்ந்துவிட்டால் வீடே குளிர்ந்துவிட்டதாக நினைத்து அது ஏசியை நிறுத்திவிடும். கதவு சாத்திய மேற்கு அறைக்குள் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

போன் செய்திருக்கலாம். போனைக் கையில் எடுத்தும் பார்த்தேன். ஆனால் அந்தக் குடியிருப்பை உங்களுக்குத் தெரியாது. காலையில் நீச்சல் குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு முப்பது அம்மாக்கள் பேசுவார்கள். எஃப்ராயின் என் அறையை அடைத்துவிட்டுப் போய்விட்டான் என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னால் போதும். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. பத்தொன்பது வருடம் கட்டியது ஒரு குளியலில் கரைந்துவிடும். புழுங்கினால் எழுந்து கூடத்துக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார் என்று நினைத்தேன். அவர் ஒன்றும் குழந்தை இல்லையே. மறுநாள் ஏதாவது சாக்குச் சொல்லி உள்ளே போய், சத்தமில்லாமல் தாளை எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். அன்று நன்றாகத் தூங்கினேன் என்று சொல்லமாட்டேன். தூங்கினேன்.

புதன்கிழமை காலையில் கர்ட் செய்தி அனுப்பினார். பத்துப் படம்தான் வந்திருக்கிறது, அம்மா அறைப் படம் எங்கே என்று கேட்டிருந்தார். அனுப்புகிறேன் என்று பதில் போட்டேன். எனக்கு ஒரு மணி வரை பக்கத்து ஊர் கில்பர்ட்டில் வேலை இருந்தது. வருகிறேன் என்று சொன்ன வீட்டுக்கு நான் போகாமல் இருந்ததே இல்லை. அதை முடித்துவிட்டு இரண்டு மணிக்கு ஹால்வர்சன் வீட்டுக்குப் போனேன். மணியை இரண்டு முறை அழுத்தினேன். பிறகு, முந்தின நாள் அவர் சொல்லியிருந்த பூட்டு எண்ணை அழுத்தி, கார் நிறுத்துகிற பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனேன்.

கூடம் சில்லென்று இருந்தது. எழுபத்தேழு டிகிரி என்று காட்டியது தெர்மோஸ்டாட். படுக்கையறைக் கதவைத் திறந்ததும் அடுப்பு வாயைத் திறந்த மாதிரி அனல் முகத்தில் அடித்தது. அந்த அம்மா கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் தரையில் கிடந்தார். கைச்சட்டம் சாய்ந்து கதவோரம் கிடந்தது. கண் திறந்திருந்தது.

"கர்ட்டா?" என்றார்.

"இல்லம்மா. எஃப்ராயின். டக்ட் வேலைக்கு வந்தவன்."

"நல்லவேளை வந்தே கண்ணு. கட்டில்ல ஏற முடியல. ராத்திரிலேருந்து இப்படித்தான்."

இந்த மாதிரி நேரத்தில் கையும் ஓடாது காலும் ஓடாது என்பார்கள். எனக்கு இரண்டும் ஓடின. வேனுக்குப் போய் ஏணியை எடுத்து வந்தேன். முதல் வேலையாகத் தாளைக் கிழித்தேன். அவருக்கு அப்போது என்ன தேவை? குளிர்ந்த காற்றுதானே. தெர்மோஸ்டாட்டையும் நன்றாகக் குறைத்துவைத்தேன். காற்று இறங்கியது. கிரில்லைப் படம் எடுத்தேன். பத்தொன்பது வருடப் பழக்கம், தாளைக் கிழித்ததும் கை தானாகப் போனுக்குப் போகிறது. ஏணியை வேனில் கொண்டுபோய் வைத்து, தாளைக் கதவில் ஒட்டினேன். பதினொன்று. பிறகு அங்கே நின்றபடியே படத்தை கர்ட்டுக்கு அனுப்பினேன். நேற்றே எடுத்தது, அனுப்ப விட்டுப்போய்விட்டது என்று எழுதினேன்.

அலமாரிக் கதவு முழுவதும் முகம் பார்க்கிற கண்ணாடி என்பதை நான் யோசிக்கவில்லை. கிரில்லைத்தான் பார்த்தேன். அம்மா போய்விட்டார் என்ற சேதி வந்த பிறகு கர்ட் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். கண்ணாடியின் கீழ் மூலையில் தன் தாயின் இரண்டு கால்களையும் பார்த்திருக்கிறார். படத்தில் இரண்டு ஆறு என்று மணி இருக்கிறது, புதன்கிழமை என்று தேதி இருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன் என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்கமாட்டேன்.

ஆம்புலன்சுக்கு நான் போன் செய்தது இரண்டு ஐம்பத்தெட்டுக்கு. நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பது நடுவில் இருக்கிற அந்த ஐம்பத்திரண்டு நிமிடத்தைப் பற்றி. அதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

அறையின் காற்று சீக்கிரம் குளிர்ந்துவிடும், சுவர் குளிராது. ஒரு நாள் முழுக்கச் சூடு குடித்த சுவர் அதை மெல்ல மெல்லத்தான் கக்கும். ஆம்புலன்ஸ்காரர்கள் உள்ளே வந்ததும் கட்டிலைப் பிடிப்பார்கள், சுவரில் கை வைப்பார்கள். இந்த அறை மட்டும் ஏன் இப்படிக் கொதிக்கிறது என்று கேட்பார்கள். அதனால் சுவர் கொஞ்சம் தணியட்டும் என்று இருந்தேன். எங்களிடம் துப்பாக்கி மாதிரி ஒரு அளவுகருவி உண்டு, குறிபார்த்து அழுத்தினால் சுவரின் வெப்பத்தைச் சொல்லும். நான் முதலில் பார்த்தபோது நூற்று ஒன்று. எண்பத்தைந்து வந்தால் போதும் என்று மனசுக்குள் வைத்துக்கொண்டேன்.

அவரை நான் அசைக்கவில்லை. விழுந்தவர்களை அசைக்கக் கூடாது. தண்ணீர் கேட்டார். படுத்திருப்பவர் வாயில் ஊற்றினால் புரையேறும் என்று கொடுக்கவில்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். காய்ந்த சுள்ளி மாதிரி லேசான கை, சுட்டது. எனக்குத் தாங்க முடியாத துக்கமாக இருந்தது. இவ்வளவு ஆதரவற்றுப்போய் நான் என் வாழ்நாளில் எங்கேயும் உட்கார்ந்ததில்லை.

"யாரையாவது கூப்பிடேன் கண்ணு," என்றார்.

"கூப்பிட்டாச்சும்மா. வந்துக்கிட்டே இருக்காங்க."

"உனக்கு வேற வேலை இருக்குமே."

"இல்லம்மா. நான் எங்கயும் போகல."

"நல்ல பிள்ள," என்று என் விரலை அழுத்தினார். சுவர் அப்போது தொண்ணூற்று ஆறு.

அதன் பிறகு பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது, நடுவில் நின்று நின்று. தொண்ணூற்றொன்று காட்டியபோது அவர் கை என் கைக்குள் கனத்தது. மூச்சு கேட்கவில்லை. நான் அப்போதும் எண்பத்தைந்துக்காக இருந்தேன், அதற்கு இன்னும் பதினெட்டு நிமிடம் பிடித்தது. அவரைத் தனியாகச் சாக விட்டுவிட்டேன் என்று மட்டும் கர்ட்டிடம் யாரும் சொல்ல வேண்டாம். ஒரு கையில் அந்த அம்மாவின் கை, மறு கையில் அளவுகருவி. போனை எடுக்க எனக்கு எந்தக் கை மிச்சமிருந்தது, நீங்களே சொல்லுங்கள்.